நாற்பத்தைந்து சென்டிமீட்டர்

முழங்காலுக்குக் கீழே மட்டுமே சுடத் தெரிந்த துப்பாக்கி ஒன்றை நான் செய்தேன். நான் செய்தேன் என்பது கொஞ்சம் அதிகம். கோயம்புத்தூரில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் பதினோரு பேர் சேர்ந்து செய்தோம். ஆனால் எந்த உயரம்வரை சுடலாம் என்று அது முடிவெடுக்கும் பகுதியை எழுதியவன் நான். தாரணி என்ற இருபத்தொரு வயதுப் பெண் செத்துப்போனது அந்தப் பகுதியால்தான்.

அந்தச் சாவைப் பற்றிய விசாரணைக்காகக் காரைப்பாளையம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் காலை பத்து மணிக்கெல்லாம் போய்விட்டேன். துப்பாக்கி ஒரு நீளமான கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் நாற்பது நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது கண்மேல் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“நீங்களும் சாட்சிங்களா?”

“ஆமாங்க.”

“போலீசுங்களா?”

“இல்லீங்க. இன்ஜினியர்.”

“ஓ, ரோட்டு இன்ஜினியருங்களா. அப்படின்னா உங்களைத்தான் மொதல்ல பிடிக்கணும். வண்டிக்கு நாலு வழி போட்டீங்க. நடக்கறவ குறுக்கால எப்படிப் போவான்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா?”

நான் ரோட்டு இன்ஜினியர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கறுப்புப் பெட்டியைக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டேன்.

அவர் பெயர் மயிலாத்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. குடியிருப்பு சாலைக்கு இந்தப் பக்கம், கம்பெனி அந்தப் பக்கம். பதினான்கு மாதத்தில் அந்தச் சாலையைக் கடக்கும்போது ஏழு பேர் அடிபட்டுச் செத்திருக்கிறார்கள். ஏழாவது ஆளைத் தூக்கிவிட்டு வந்த மறுநாள் காலை, ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று கேட்டு, நூற்றுச் சொச்சம் பெண்கள் மறியலுக்கு உட்கார்ந்தார்கள்.

“மறியல் எங்களுக்குப் புதுசில்லீங்க. முன்னாலயே ரெண்டு தடவை பண்ணியிருக்கறோம். போலீசு வரும். ‘உக்காருங்க, உக்காருங்க’ம்பாங்க. உக்காருவோம். தலைய எண்ணுவாங்க. வேன்ல ஏத்தி ஏதாவது கல்யாண மண்டபத்துல கொண்டு போயி வெப்பாங்க. மத்தியானம் தக்காளி சோறு. சாயங்காலம் பேரை எழுதிக்கிட்டு விட்டுருவாங்க. போன தடவை பாயசமே கெடச்சுது. காலைலதான் அங்க ஒரு கல்யாணம் முடிஞ்சிருந்துதுங்க. நாங்க பாட்டுக்கு மொய் வெக்காம சாப்பிட்டு வந்தோம்.”

சிரித்தார். சிரித்தபோது கண் வலித்திருக்க வேண்டும், துணியின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

“இந்தத் தடவையும் மைக்குல சொன்னாங்க. ‘ஓடாதீங்க, அங்கங்க உக்காருங்க’ன்னு. உக்காந்தோம். எங்கியோ பின்னால ஒரு பஸ்ஸு கண்ணாடி ஒடைஞ்சுது. எவன் எறிஞ்சான்னு தெரியாது. அப்புறந்தான் பட்டு பட்டுன்னு சத்தம். பயந்து ஓடுனவளுகளுக்கு முட்டி வீங்குச்சு. பத்து நாள்ல எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டாளுக. சொன்ன பேச்சைக் கேட்டு உக்காந்தவளுகளுக்குத்தானுங்க மூஞ்சி ஒடைஞ்சுது. என்ன கணக்கோ.”

அது என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும். மூன்று வாரமாகத் துப்பாக்கிகளின் பதிவுகளை வைத்துக்கொண்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போலீசு என்ன எழுதியிருக்குது தெரியுங்களா? கல்லெறிஞ்சிட்டு ஓடும்போது தடுக்கி விழுந்து, ரோட்டு நடுக்கட்டைல தலை மோதி தாரணி செத்துப்போச்சாம். எங்கண்ணும் அதே கட்டைல பட்டுத்தான் போச்சாம். நாங்க ஓடவே இல்லீங்க. உக்காந்திருந்தோம். அதை மட்டும் எழுதி வாங்கிட்டாப் போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“கண்ணுக்கு...”

“கண்ணு போனது போனதுதானுங்க. தாரணியோட அம்மா என் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. பேரு செல்லாயி. தெனமும் வந்து கேக்கறா, ‘எம்புள்ள கல்லெறிஞ்சுட்டு ஓடுனாளா?’ன்னு. நான் இல்லைங்கறேன். ‘அப்ப பேப்பர்ல அப்படித்தான போட்டிருக்குது’ங்கறா. நான் சொன்னா அவளுக்குப் பத்தலை. பேப்பர் சொல்லோணும்.”

எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

கோட்டாட்சியர் செந்தூரப்பாண்டியனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேசைக்கு ஒரு பக்கம் ஆய்வாளர் மாசிலாமணி. இன்னொரு பக்கம் கணினியோடு தட்டச்சர். மயிலாத்தாளைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

“நீங்கதான் இந்தத் துப்பாக்கியை வடிவமைச்ச பொறியாளர் சற்குணம்?” என்று கோட்டாட்சியர் கேட்டார்.

“ஆமாங்க.”

மயிலாத்தாள் தன் ஒற்றைக் கண்ணை என் பக்கம் திருப்பியதை நான் பார்க்காமலே உணர்ந்தேன்.

“எனக்கு இயற்பியல் எல்லாம் பள்ளிக்கூடத்தோட போச்சு,” என்றார் கோட்டாட்சியர். “ என்னை ஒரு எட்டாங்கிளாஸ் பையன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க. இது எப்படி வேலை செய்யுது?”

யாராவது இப்படிக் கேட்டால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்திருக்கிறேன் என்பதும் மறந்துவிடும். பெட்டியைத் திறந்தேன்.

“பழைய ரப்பர் குண்டுல ஒரு குறை உண்டுங்க. பத்து மீட்டர்ல சுட்டா எலும்பை உடைக்கும். அறுபது மீட்டர்ல சுட்டா கொசு கடிச்ச மாதிரி இருக்கும். சுடறவருக்குத் தூரம் தெரியாது. அதனால இதுல வெடிமருந்தே இல்லை. காத்து. சைக்கிள் பம்புல அடிக்கிற மாதிரி அழுத்தி வெச்ச காத்து. இந்தச் சின்னக் கண்ணாடி வழியா ஒரு ஒளிக்கதிர் போய்த் திரும்பி வரும். போய்வர ஆகிற நேரத்தை வெச்சுத் தூரத்தைக் கண்டுபிடிக்கும். கிட்டன்னா கொஞ்சம் காத்து, தூரம்னா நிறையக் காத்து. ஆக, எங்கிருந்து சுட்டாலும் போய்ச் சேரும்போது ஒரே அடி.”

“எவ்வளவு அடி?”

“கெண்டைக்கால் சதைக்கு அளந்த அடிங்க. நாலு நாள் நொண்டணும். எலும்பு உடையக்கூடாது.”

“தலைக்கு?”

“தலைக்கு அளக்கவே இல்லீங்க. தலைக்குப் போகாதுங்கறதுதான் இந்தத் துப்பாக்கியோட அர்த்தமே.”

தட்டச்சரின் விரல்கள் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன.

“அதை எப்படி முடிவு பண்ணுது? முழங்கால் இதுதான்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

நல்ல கேள்வி. நான் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டேன்.

“வெளிநாட்டுல கேமராவை வெச்சு முழங்காலைக் கண்டுபிடிக்கறாங்க. இடுப்பு இங்க, பாதம் அங்க, நடுவுல மடங்கற இடம் முழங்கால். நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். எங்க கேன்டீன் அக்காமாரு நாலு பேரை நடக்கவிட்டுப் பார்த்தோம். துப்பாக்கி பூட்டிக்கிச்சு, சுடவே இல்லை. சேலை கட்டியிருந்தா இடுப்புக்குக் கீழ ஒரு துணிக் கூம்புதான் தெரியும், முழங்கால் தெரியாது. நைட்டிக்கும் அப்படித்தான், வேட்டிக்கும் அப்படித்தான். என்கூட வேலை செய்யற ஷெரீப், ‘சார், நம்ம துப்பாக்கிக்குப் பொம்பளைங்கன்னா பயம்’னு சிரிச்சான். பார்வையிட வந்த அதிகாரி சிரிக்கலை. ‘கூட்டத்துல பாதி சேலைதான் இருக்கும். சேலையைப் பார்த்தா பூட்டிக்கிற துப்பாக்கியை வெச்சு நான் என்ன பண்றது?’ன்னு கேட்டார்.”

“அப்புறம்?”

“முழங்காலைத் தேடறதை விட்டுட்டு, தரையிலேர்ந்து உயரத்தை அளக்கலாம்னு எனக்குத் தோணுச்சு.”

ஒரு தாளை எடுத்து முக்கோணம் வரைந்தேன். துப்பாக்கியின் உயரம் ஒரு பக்கம். ஒளிக்கதிர் போகும் சாய்கோடு ஒரு பக்கம். துப்பாக்கி எவ்வளவு கீழே சாய்ந்திருக்கிறது என்பதை, கைபேசியைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அதே கருவி சொல்லிவிடும். சாய்வும் தூரமும் தெரிந்தால் கதிர் தொடும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். நம் ஆட்களின் முழங்கால் சராசரியாக நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதற்கு மேலே என்றால் சிவப்பு விளக்கு, விசை பூட்டிக்கொள்ளும். கீழே என்றால் பச்சை.

“அட, இவ்வளவுதானா!” என்றார் கோட்டாட்சியர். முகம் மலர்ந்திருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். இந்த யோசனை தோன்றிய அன்று சேலையும் வேட்டியும் பிரச்சினையே இல்லை என்று தொழிற்கூடத்தில் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான்.

“சோதனை பண்ணீங்களா?”

“ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு தடவைங்க. நிக்கறவங்க, நடக்கறவங்க, ஓடறவங்க. குனிஞ்சு கல் எடுக்கறவங்க. கல் எடுக்கறப்பக்கூடத் தலை அறுபத்திரண்டுக்குக் கீழே வரலை.”

“உட்கார்றவங்க?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“தோணலைங்க. எல்லாரும் ஓடிட்டிருக்கிற இடத்துல யாரு உட்காரப் போறாங்கன்னு...”

“நாங்க உக்காந்தோமே,” என்றார் மயிலாத்தாள், சுவரோரத்திலிருந்து.

“அம்மா, உங்க முறை வரும்,” என்றார் கோட்டாட்சியர், கடுமையில்லாமல்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். “சார், கலைஞ்சு போங்கன்னுதான் அறிவிப்பு கொடுத்தது. உட்காரச் சொல்லி உத்தரவு கிடையாது.”

“துப்பாக்கிப் பதிவுல அது இருக்குதா?” என்று கோட்டாட்சியர் என்னைக் கேட்டார்.

“அது படம் மட்டும்தாங்க எடுக்கும். சத்தம் எடுக்காது.” அதுவும் என் முடிவுதான். நினைவகத்தில் இடம் மிச்சமாகும் என்று விட்டுவிட்டிருந்தேன். “ஆனா இன்னொண்ணு இருக்குதுங்க. அன்னிக்கு மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு குண்டு. எல்லாக் குண்டும் நாப்பத்திமூணுலேர்ந்து நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் உயரத்துக்குள்ள போயிருக்குது. கெண்டைக்கால் இருபதுல இருக்கும். ஒருத்தர்கூட அங்க குறி பார்க்கலை.”

“அதெப்படி?”

நான் ஆய்வாளரைப் பார்த்தேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். “அழுத்திக்கிட்டே எறக்குவாங்க சார். விசையை அழுத்திப் புடிச்சுக்கிட்டு மேலேர்ந்து மெதுவா எறக்குனா, சரியான எடம் வந்ததும் அதுவா சுட்டுரும். குறி பார்க்க நேரம் எங்க? தப்பான எடத்துல சுடாதுன்னு கம்பெனியிலதான சொல்லிக் கொடுத்தாங்க.”

அவர் சொன்னது உண்மை. பயிற்சி வகுப்பு எடுத்தவனும் நான்தான். ‘நீங்க கவலைப்படாதீங்க, துப்பாக்கி பாத்துக்கும்’ என்று நாற்பது பேர் முன்னால் சொன்னேன். அவர்கள் கவலைப்படவில்லை.

கோட்டாட்சியர் படங்களைக் காட்டச் சொன்னார். ஏழாம் எண் துப்பாக்கி, மூன்றாவது குண்டு. விசையை அழுத்தியதிலிருந்து நான்கு நொடி. முப்பத்தெட்டு மீட்டர் தூரம். சுவரில் விரித்த வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக வந்தன.

முதல் படத்தில் தாரணி சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். துப்பாக்கி எங்கே குறி வைக்கிறது என்று காட்டும் குறிப்புள்ளி அவள் தலைக்கு மேலே. சிவப்பு. அடுத்த படத்தில் புள்ளி சற்று இறங்கியிருக்கிறது. சிவப்பு. மூன்றாவது படத்தில் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அவள் பின்னந்தலையைப் பிடிக்கிறது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது படங்களில் தலை தாழ்கிறது, புள்ளியும் தாழ்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் இறங்கின. ஏழாவது படத்தில் புள்ளி பச்சை. நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். புள்ளி இருந்த இடம் அவளுடைய நெற்றிப்பொட்டு.

இந்தப் படங்களை நான் அதற்குமுன் குறைந்தது நாற்பது தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் எண்களைப் பார்த்தேன். கை யாருடையது என்று யோசிக்கவே இல்லை.

“இந்தக் கை யாரோடது?” என்றார் கோட்டாட்சியர்.

 மின்விசிறிக் காற்றில் துணி ஆடி, படத்தில் இருந்த கையும் ஆடியது.

“என்னுதுங்க,” என்றார் மயிலாத்தாள்.

“எதுக்காக அப்படிப் புடிச்சீங்க?”

“சத்தம் கேட்டுதுங்களே. குண்டு வருதுன்னா புள்ளையோட தலைய அமுக்க மாட்டமுங்களா? அவ மொதல்லயே ‘எந்திரிச்சு ஓடலாம்க்கா’ன்னா. நாந்தான் சேலையைப் புடிச்சு இழுத்தேன். ‘உக்காருடி, உக்காந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க’ன்னேன். அப்புறம் ‘தலைய குனிடி’ன்னு அமுக்குனேன். அடுத்தது எனக்கு. அவ மேல கவுந்து படுத்தேன், அப்பத்தான் கண்ணுல பட்டுது.”

“ஆக, நீங்க ஓடலை.”

“ஓடலீங்க. எழுதிக்குங்க சாமி. உக்காந்திருந்தோம்.”

“எழுதிக்குங்க,” என்று கோட்டாட்சியர் தட்டச்சரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சற்குணம், இதே பெண் நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?”

‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தவறு என்னுடையது என்று நிரூபிக்கத்தான் நான் வந்திருந்தேன். பாதி விளக்கினால் பாதிக் குற்றம்தான் என்மேல் விழும் என்று நினைத்தேன். முழுதாக விளக்கினேன்.

“நாப்பத்தஞ்சுல அவங்க தோளோ மார்போ இருந்திருக்குமுங்க. சதை கன்றிப்போயிருக்கும். விலா எலும்புல ஒண்ணு விரிசல் விட்டிருக்கலாம்.”

“உயிர்?”

“இருந்திருக்குமுங்க.”

“எழுந்து ஓடியிருந்தா?”

“முட்டியில பட்டிருக்கும்.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. “இதுல தப்பு என்னோடதுங்க,” என்றேன். “அந்தம்மா செஞ்சதை எந்தத் தாயும் செய்வா. தலை அந்த உயரத்துக்கு வரும்னு யோசிக்க வேண்டியவன் நான்.”

“கருத்தெல்லாம் வேண்டாம். உண்மை மட்டும் போதும்,” என்றார் கோட்டாட்சியர், அன்பாகவே. “ரொம்பத் தெளிவா சொன்னீங்க. நன்றி.”

வெளியே வந்தபோது நகல் எடுக்கும் கடை வாசலில் மயிலாத்தாள் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டே போனேன்.

“ரோட்டு இன்ஜினியரில்லீங்க நீங்க.”

“இல்லீங்க. அப்பவே சொல்லியிருக்கணும்.”

“அது கெடக்குது. அங்க ஒண்ணு சொன்னீங்களே, நிமுந்து உக்காந்திருந்தா உசுரு இருந்திருக்கும்னு. அது நெசமா, இல்ல உங்க துப்பாக்கியைக் காப்பாத்தறதுக்குச் சொன்னதா?”

பொய் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு வாழ்க்கையில் கிடைக்காது. ஒரே வார்த்தை போதும். அவர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அவர் கேட்டது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி. அந்தக் கேள்விக்கு நான் இதுவரை யாரிடமும் தப்பான பதில் சொன்னதில்லை.

“நெசந்தானுங்க.”

அவர் தலையை ஆட்டினார். 

“உக்காந்திருந்தோம்னு எழுதிக்கிட்டாங்களா?”

“எழுதிக்கிட்டாங்க. நான் பார்த்தேன்.”

“அது போதுங்க,” என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அன்றிலிருந்து ஒன்பது நாளில் திருத்தத்தை எழுதி முடித்தேன். சேலைக்குள் முழங்காலைத் தேடுவது கஷ்டம். தலையைத் தேடுவது கஷ்டமே இல்லை. வட்டமாக இருக்கும், மூடியிருக்காது, கேமராவுக்கு அதைவிட எளிதான வேலை கிடையாது. குறிப்புள்ளிக்குப் பக்கத்தில் தலை தெரிந்தால் எந்த உயரமானாலும் பூட்டிக்கொள். அவ்வளவுதான். ஷெரீப்பைத் தரையில் உட்கார வைத்து, குனிய வைத்து, படுக்க வைத்து முந்நூறு தடவை பார்த்தேன். முந்நூறு தடவையும் பூட்டிக்கொண்டது.

எங்கள் கம்பெனி எம்.டி. படித்துப் பார்த்தார். “அருமையா இருக்குது சற்குணம். ஆனா இப்ப மாத்துனா தப்பை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அறிக்கை வரட்டும். ‘திருத்துங்க’ன்னு ஒரு வரி இருந்தாப் போதும், மறுநாளே போட்டுரலாம்.”

காத்திருந்தேன். காவல்துறைக்கும் கோட்டாட்சியருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே மாதிரி இரண்டு பதில் வந்தன. அதற்குள் இன்னும் ஆறு மாவட்டங்களுக்குத் துப்பாக்கிகள் போயின. பெட்டிகள் லாரியில் ஏறும்போது நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். என் திருத்தம் என் கணினியில் இருந்தது.

நான்காவது மாதம் அறிக்கை வந்தது. எம்.டி. தொலைபேசியில் மகிழ்ச்சியாக இருந்தார்.

“கருவி நிர்ணயிக்கப்பட்ட விதத்தில் சரியாக இயங்கியுள்ளதுன்னு கவர்மென்டே சொல்லிருச்சு. உன் விளக்கம்தான் காரணம்.”

“திருத்தத்தைப் போட்டுரலாமுங்களா?”

“சரியா இருக்கறதை எதுக்குய்யா திருத்தறது? ஒரு எழுத்து மாத்துனாலும் மறுபடி சான்றிதழுக்குப் போகணும். பதினெட்டு மாசம்.”

நான் முழு அறிக்கையை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். துப்பாக்கியைப் பற்றிய இரண்டு பக்கத்தை மட்டும் அனுப்பினார்.

அந்த வாரமே மயிலாத்தாள் கூப்பிட்டார். கோட்டாட்சியர் அலுவலகத்தில் யாரிடமோ என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

“பதிவுத் தபால்ல ஒரு கட்டுக் காயிதம் வந்திருக்குதுங்க. இன்னொரு கண்ணும் இப்ப புகை புகையாத்தான் தெரியுது. பையன் படிச்சான், அவனுக்கு அந்தத் தமிழு வெளங்கலை. நீங்கன்னா புரியற மாதிரி சொல்லுவீங்க. ஞாயித்துக்கெழமை வாறீங்களா?”

போனேன். எட்டு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்த லைன் வீட்டில் அவருடையது மூன்றாவது. சுத்தமாகப் பெருக்கி, எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். தரையில் இன்னொரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, கைகளை மடியில் கோத்துக்கொண்டு.

“இவதான் செல்லாயி. தாரணியோட அம்மா. இவளுக்காகத்தான் உங்களைக் கூப்புட்டதே. காப்பி குடிக்கறீங்களா, மொதல்ல படிச்சுர்றீங்களா?”

“படிச்சுர்றேங்க.”

முப்பத்தொரு பக்கம். நான் விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனேன். பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. அதை அப்படியே வாசித்துவிட்டு, பேச்சுத் தமிழில் சொன்னேன்.

“‘இறந்தவரும் அவருடன் இருந்தவர்களும் கல்லெறிந்ததற்கோ ஓடியதற்கோ ஆதாரம் இல்லை. புகைப்படங்களின்படி அவர்கள் சாலையில் அமர்ந்திருந்தனர்.’ அதாவதுங்க, உங்க பொண்ணு கல்லெறியலை. ஓடலை. உக்காந்துதான் இருந்துது. போலீசு எழுதினது தப்புன்னு சொல்லிட்டாங்க.”

மயிலாத்தாள் இரண்டு கையாலும் செல்லாயியின் தோளைப் பிடித்து உலுக்கினார். “கேட்டியா? கேட்டியா செல்லாயி? நான் என்ன சொன்னேன்? இப்பப் பேப்பர்லயே வந்திருச்சு பாரு!”

செல்லாயி அழவில்லை. “இன்னொருக்காப் படிங்க,” என்றார். படித்தேன். “அந்தப் பக்கத்தை எனக்குக் கிழிச்சுக் குடுப்பீங்களா?” என்றார். நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது என் கண் அடுத்த பத்திக்குப் போனது. அது பழக்கம். எனக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது.

‘நிமிர்ந்து அமர்ந்திருந்தால் இறந்தவர் உயிர் பிழைத்திருப்பார் என்பது பொறியாளரின் தெளிவான வாக்குமூலத்தால் நிறுவப்படுகிறது. மயிலாத்தாள் என்பவர், எழுந்து செல்ல முயன்ற இறந்தவரை இழுத்து அமர வைத்ததையும், அவரது தலையைத் தம் கையால் அழுத்திக் கருவியின் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குள் கொண்டு வந்ததையும் தாமே ஒப்புக்கொண்டுள்ளார். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவர்மீது வழக்குப் பதிவு செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.’

அறிக்கையை மூடினேன். மூடிய விதத்திலேயே மயிலாத்தாளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. தெளிவில்லாத அந்த ஒரு கண்ணால் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

செல்லாயிதான் கேட்டார். ரொம்பப் பொறுமையாக, வகுப்பில் விளங்காத ஒன்றை எழுந்து நின்று கேட்பவரைப்போலக் கேட்டார்.

“ஏனுங்க, முட்டிக்குக் கீழதான் சுடும்னு சொன்னாங்க. எம்புள்ள ஓடலை, ஒண்ணும் பண்ணலை, உக்காந்துதான் இருந்தா. அப்புறம் எப்படிங்க அவ தலைல பட்டுது?”

எனக்கு இந்த உலகத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். வாயைத் திறந்தேன். 

மயிலாத்தாள் என் முழங்கையைத் தொட்டார். “நீங்க விடுங்க சார்.”

செல்லாயிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சேலை முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“செல்லாயி,” என்றார். “அன்னிக்கு அவ ஓடலாம்னுதான் சொன்னா.”